பங்கும் பாடும்: பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு கணக்கியல் ஆய்வேடு எப்போது வெற்றி பெறுகிறது?

1. கேள்வி

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஊர்களுள் ஒன்று காட்டூர். இங்கிருந்தும் சுற்றியுள்ள குப்பங்களிலிருந்தும் பொன்னேரிக்கும் சென்னைக்கும் பேருந்தேறிப் போய் வணிகவியல் படிக்கும் பிள்ளைகள் பலர், அவரவர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். படிப்பின் கடைசிப் பருவத்தில் அவர்கள் ஓர் ஆய்வேடு எழுத வேண்டியிருக்கிறது. நான்கைந்து மாதத்தில் தலைப்பு, தரவு, பகுப்பாய்வு, அச்சு, வாய்மொழித் தேர்வு எல்லாம் முடிந்தாக வேண்டும்.

அந்த ஆய்வேடு எப்போது வெற்றி பெற்றது எனலாம்? மதிப்பெண் ஒரு விடை. ஆனால் நல்ல மதிப்பெண் வாங்கிய எத்தனையோ ஆய்வேடுகளைப் புரட்டினால் கணக்கியல் பற்றிய கேள்வி ஒன்றுகூட அவற்றில் இருப்பதில்லை. ஏரிக்கரை ஊரிலிருந்து வரும் மாணவர் கணக்கியலுக்குள் நின்றே புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. உண்டு என்பது என் துணிபு. ஊரில் புழங்கும் கணக்கைக் கணக்கு என்று ஏற்றுக்கொள்வது அதற்கு முதல் நிபந்தனை. அந்தக் கணக்கின் மையம் லாபத்தைவிடப் பங்கீட்டில் இருப்பதைப் பார்ப்பது இரண்டாவது.

2. இதுவரையான பார்வைகள்

வணிகவியல் துறைகளில் நிலைத்துவிட்ட ஒரு வார்ப்பு உண்டு. ஏதோ ஒரு பொருளைப் பற்றி மக்களின் ‘விழிப்புணர்வு’ அல்லது ‘மனநிறைவு’ தலைப்பாகும். நூறு அல்லது நூற்றிருபது பேரிடம் வினாத்தாள், அகப்பட்டவரிடம் கேட்ட வசதி மாதிரி, ஐந்து புள்ளி அளவுகோல், விழுக்காட்டு அட்டவணை, ஒரு கை-ஸ்கொயர் சோதனை, கடைசியில் ‘அரசு விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டும்’ என்ற பரிந்துரை. மீனவர்களிடம் வங்கிச் சேவை பற்றிக் கேட்டாலும் மாணவர்களிடம் கைப்பேசிக் கட்டணம் பற்றிக் கேட்டாலும் இந்த வார்ப்பு மாறுவதில்லை. கருத்தறியும் ஆய்வாக இதற்கு ஓர் இடம் இருக்கலாம். ஆனால் வரவு எப்போது வரவாகிறது, எந்தச் செலவு யாருடையது, எது சொத்து ஆகிய கேள்விகள்தாம் கணக்கியலை மற்றத் துறைகளிலிருந்து பிரிப்பவை. அவற்றுக்கு இந்த வார்ப்பில் இடமில்லை.

மறுபுறம், ஏரியையும் கடலையும் ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். சோழமண்டலக் கரையின் ஊர்ப் பஞ்சாயத்துகளையும் அவை மீன்பிடியை ஒழுங்குபடுத்தும் விதத்தையும் மார்டன் பாவிங்க் 2001இல் வெளியான நூலில் விரிவாக எழுதினார். மீன்பிடி இடங்களை முறை வைத்துப் பகிரும் பழவேற்காட்டின் பாடு முறையை சாரா கூல்தார்ட் 2008லும் 2011லும் வெளியான கட்டுரைகளில் ஆராய்ந்தார். உரிமை, சாதி, தகவமைப்பு பற்றி இவர்களிடம் நிறையக் கற்கலாம். கணக்கேட்டுக்குள் நுழைவது அவர்கள் எடுத்துக்கொண்ட வேலையன்று. அந்த இடம் கணக்கியல் மாணவருக்காகக் காத்திருக்கிறது.

கணக்கியல் துறைக்குள்ளேயே இதற்கு முன்னோடிகள் உண்டு. கணக்கியலை அது இயங்கும் சூழலில் வைத்து ஆராய வேண்டும் என்று ஆந்தனி ஹாப்வுட் 1983இல் எழுதினார். நமக்கு இன்னும் நெருக்கமானது இலங்கை எடுத்துக்காட்டு. அந்நாட்டு மீனவ கிராமம் ஒன்றில் களப்பணி செய்த கெலும் ஜயசிங்க, டென்னிஸ் தாமஸ் என்பவருடன் சேர்ந்து 2009இல் ஒரு கட்டுரையும், தந்துரே விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து 2011இல் இன்னொன்றும் வெளியிட்டார். உள்ளூர்க் கணக்குமுறை ஏன் நீடிக்கிறது, வளர்ச்சித் திட்டங்கள் கொண்டுவரும் ‘முறையான’ கணக்கு அந்த ஊரின் அதிகார உறவுகளுக்குள் என்ன ஆகிறது என்பவை அவற்றின் கேள்விகள். உலகின் முன்னணிக் கணக்கியல் இதழ்களில் வந்த ஆய்வுகள் இவை. ஆக, குப்பத்தின் கணக்கு கணக்கியல் ஆய்வுக்குத் தகுந்த பொருளா என்று தயங்கும் வழிகாட்டியிடம் மாணவர் இவற்றைத் தயங்காமல் காட்டலாம்.

நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு முன்வரலாறும் உண்டு. 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டு ஜாகீரின் ஊர்களைத் தாமஸ் பர்னார்டு அளந்து பதிவு செய்தார். அதற்கு அடிப்படையாக இருந்த ஊர்க் கணக்குகள் ஓலையில் எழுதப்பட்டவை. விளைச்சலில் ஊர்ப் பணியாளர்களுக்கும் கோயிலுக்கும் நீர் பார்ப்பவருக்கும் உரிய பங்குகளை ஒதுக்குவது அவற்றின் முக்கிய வேலை. சென்னையின் கொள்கை ஆய்வு மையம் இவற்றை ஆராய்ந்து வெளிக்கொணர்ந்தது. அந்த ஓலைகளில் பங்கீடு முதலில் வருகிறது; மிச்சம் பிறகுதான். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு வர வேண்டும்.

3. பங்கு: கூலியா, லாபப் பிரிவா?

படகு கரைக்கு வந்ததும் நடப்பது ஒரு முழுமையான கணக்கு முடிப்பு. மீன் ஏலம் போகிறது. ஏலத் தரகு, எரிபொருள், சாப்பாட்டுச் செலவு கழிகின்றன. மீதி, படகுக்கும் வலைக்கும் ஒரு பகுதி, ஆட்களுக்கு ஒரு பகுதி என்று பிரிகிறது. விகிதம் ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும். எடுத்துக்காட்டுக்காக மட்டும் ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம்.

விற்பனை 9,000 ரூபாய். தரகு நூற்றுக்கு ஐந்து வீதம் 450, எரிபொருள் 2,350, சாப்பாடு 200. கழித்தால் 6,000. அதில் பாதி படகுக்கும் வலைக்கும். மறுபாதி நான்கு ஆட்களுக்குத் தலைக்கு 750. படகுக்காரரும் நால்வரில் ஒருவர் என்றால் அவர் கைக்கு 3,750 போகிறது. மற்ற மூவருக்குச் சேர்த்து 2,250.

பாடப்புத்தகம் படித்த மாணவரின் கை தானாகவே அந்த 2,250ஐக் கூலி என்று செலவில் எழுதும். அப்படி எழுதி, அதையே நாள்தோறும் வரும் நிலைச் செலவாகக் கொண்டால் லாப நட்டமற்ற புள்ளி ஏறக்குறைய 5,053 ரூபாயில் வரும். அதற்குக் குறைவாக மீன் கிடைக்கும் நாளில் தொழிலுக்குப் போவது நட்டம் என்று ஆய்வேடு முடிவு சொல்லும். ஆனால் 4,000 ரூபாய் மீன் கிடைக்கும் என்று தெரிந்தும் படகுகள் போகின்றன. மீனவருக்குக் கணக்குத் தெரியவில்லை என்று இதற்கு விளக்கம் எழுதுகிறவர்கள் உண்டு. அந்த விளக்கம் தவறு. பங்கு முறையில் ஆளுக்குரியது மிச்சத்திலிருந்து பிரிவது. மிச்சம் குறைந்தால் அதுவும் குறையும். ஆகவே உண்மையான புள்ளி சுமார் 2,684 ரூபாய். 4,000 ரூபாய் நாளில் செலவு போக 1,250 மிஞ்சும். படகுக்கு 625, ஆளுக்கு 156. அற்பத் தொகைதான். ஆனாலும் நட்டமில்லை. படகு, இயந்திரம், வலை ஆகியவற்றின் தேய்மானத்தை இதில் சேர்க்கவில்லை. அதைச் சேர்க்கும்போது படகின் பங்கு தேய்மானத்துக்குப் போதுமா என்ற அடுத்த கேள்வி எழுகிறது. வலை ஒரு பருவத்தில் கிழிவது, இயந்திரம் சில ஆண்டுகளில் பழுதாவது ஆகியவற்றை வைத்து அதைக் கணக்கிட முடியும். அந்த ஓர் அத்தியாயமே ஒரு நல்ல ஆய்வேடு.

சட்டமும் இங்கே துணைக்கு வரும். 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, லாபத்தில் பங்கு பெறுவதாலேயே ஒருவர் கூட்டாளி ஆகிவிடமாட்டார் என்கிறது. உண்மையான உறவு முழுவதையும் பார்க்கச் சொல்கிறது. மீன் கிடைக்காத நாளில் எரிபொருள் யார் தலையில்? முந்தின நாள் கடன் அடுத்த நாள் பொதுச் செலவில் கழிகிறதா? வலை அறுந்தால் யார் தைக்கிறார்கள், யார் நூல் வாங்குகிறார்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் வாங்கிய மாணவர், படகில் போகிறவர் தொழிலாளியா கூட்டாளியா என்பதைச் சான்றுடன் வாதிட முடியும். வாய்மொழித் தேர்வில் இதைவிட வலுவான நிலை எதுவும் இல்லை.

4. முன்பணம்: ‘வட்டி இல்லை’ என்ற பதில்

வினாத்தாளில் ‘நீங்கள் கடனுக்கு வட்டி கட்டுகிறீர்களா?’ என்று கேட்டால் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய பலர் ‘இல்லை’ என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யன்று. வாங்கிய தொகை அப்படியே நிற்கும். அதற்கு ஈடாகப் பிடிக்கும் மீனை அந்த வியாபாரிக்கே போட வேண்டும். விலையை அவர் வைப்பார். வட்டி விலைக்குள் இருக்கிறது.

மறுபடியும் ஓர் எடுத்துக்காட்டு. முன்பணம் 40,000. நாளுக்கு எட்டுக் கிலோ இறால். வெளியே விற்றால் கிடைப்பதைவிடக் கிலோவுக்கு 30 ரூபாய் குறைவு. மாதம் இருபது நாள் தொழில் என்றால் விட்டுக்கொடுக்கும் தொகை 4,800. அதாவது மாதத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு. ஒன்பது மாதத்தில் முன்பணத்தைவிட அதிகம் போய்விடுகிறது, முதல் அப்படியே இருக்கிறது. ‘வட்டி இல்லை’ என்று எண்ணி அட்டவணை போட்ட ஆய்வேடு, ஊரின் மிகப் பெரிய நிதிச் செலவைச் சுழியம் என்று எழுதிவிட்டது.

ஆனால் இத்தோடு நிறுத்திவிட்டு வியாபாரியைக் கந்துவட்டிக்காரர் என்று எழுதுவது அவசரம். கடனும் சந்தையும் ஒன்றோடொன்று பிணைந்த உறவுகளைப் பற்றி 1973இல் அமித் பாதுரி எழுதியதிலிருந்து பொருளியலில் நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. சுரண்டல் என்பது ஒரு வாசிப்பு. மீன் இல்லாத மாதத்தில் தவணை இல்லை. நோய் வந்தால், கல்யாணம் வந்தால் அதே வியாபாரியிடம் இன்னும் கொஞ்சம் வாங்கலாம். ஆகவே விட்டுக்கொடுக்கும் விலையில் ஒரு பகுதி காப்பீட்டுப் பிரீமியம் என்பது இன்னொரு வாசிப்பு. எனக்கு முதல் வாசிப்பே வலுவாகப் படுகிறது. பிரீமியத்தின் அளவை ஒரு தரப்பு மட்டுமே தீர்மானிக்கும் இடத்தில், அதன் பெயர் எதுவானாலும் சுமை ஒரே பக்கம் இறங்குகிறது. எனினும் இதை எண்ணால் நிறுவ வேண்டும். கரையில் எல்லோருமே முன்பணக்காரர்களாக இருந்தால் ‘வெளிவிலை’ என்று எதைக் கொள்வது? ஒரே நாளில், ஒரே அளவு இறாலை, முன்பணம் வாங்கியவரும் வாங்காதவரும் என்ன விலைக்குப் போட்டார்கள் என்று எழுதிச் சேர்ப்பது ஒரு வழி. உள்ளூர் மாணவர் இதைச் செய்யலாம். வெளியிலிருந்து இரண்டு நாள் வந்து போகிறவரால் முடியாது.

5. பாடு: யாருடைய சொத்து?

ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய வளமான இடங்களில் யார், எந்த நாளில் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய, பட்டினவர் என்னும் மீனவர் சமூகத்தின் ஊர்கள் இதில் உரிமையுடையவை. மணமான ஆண் ஒருவரைத் தலைவராகக் கொண்ட குடும்பம் ஒரு தலைக்கட்டு. ஊர் வரியும் ஊர் உரிமையும் தலைக்கட்டை வைத்தே கணக்காகின்றன.

பாட்டு உரிமையைக் கணக்கியல் எங்கே வைக்கும்? புலனாகாச் சொத்துகளுக்கான இந்தியக் கணக்கியல் தரம் 38, எதிர்காலப் பயனைப் பெறும் ஆற்றலும் அந்தப் பயனைப் பிறர் அடையாமல் தடுக்கும் ஆற்றலும் இருப்பதைக் கட்டுப்பாடு என்கிறது. பாட்டில் இரண்டும் உண்டு. ஆனால் தடுக்கும் ஆற்றல் தனிக் குடும்பத்திடம் இல்லை, ஊரிடம் இருக்கிறது. குடும்பத்துக்கு இருப்பது முறை வரும்போது பயன்படுத்தும் உரிமை மட்டுமே. எனவே கணக்கியலின் அடிப்படைக் கருத்தான ‘கணக்கு அலகு எது?’ என்பதே இங்கே ஆய்வுப் பொருளாகிவிடுகிறது. குடும்பத்தை அலகாக வைத்தால் ஊரின் பெரிய சொத்து எந்த ஏட்டிலும் வராது. ஊரை அலகாக வைத்தால், மணல்திட்டு முகத்துவாரத்தை அடைக்கும்போது ஏற்படும் மதிப்பிழப்பைக்கூட நம்மால் பேச முடியும்.

தரங்கள் ஏரியை எப்படிப் பார்க்கின்றன என்பதற்கு இறால் நல்ல சான்று. வேளாண்மைக்கான இந்தியக் கணக்கியல் தரம் 41, அதன் மூலமான பன்னாட்டுத் தரத்தைப் போலவே, நிர்வகிக்கப்படாத மூலங்களிலிருந்து அறுவடை செய்வதை, கடல் மீன்பிடியைப் பெயர் சொல்லி, வேளாண்மை ஆகாது என விலக்குகிறது. பண்ணைக் குட்டையில் வளரும் இறால் உயிரியல் சொத்து. வளர வளர அதன் மதிப்பு ஏட்டில் ஏறும். ஏரியில் வளரும் இறால் வலையில் விழும்வரை யாருடைய ஏட்டிலும் இல்லை. இந்த வேறுபாடு ஏட்டோடு நின்றுவிடவில்லை. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், சில்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து ஆயிரம் மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. பண்ணைகளின் வருவாயைவிட அவை சுற்றுச்சூழலுக்கும் மக்களுக்கும் விளைவித்த சேதம் அதிகம் என்ற நாக்பூர் ‘நீரி’ நிறுவனத்தின் மதிப்பீடு அந்தத் தீர்ப்பில் முக்கிய இடம் பெற்றது. ஏட்டில் இல்லாதிருந்த ஏரிக்கு யாரோ ஒருவர் கணக்குப் போட்டதால் வழக்கு அந்தத் திசையில் நகர்ந்தது.

6. ஆய்வை நடத்தும் விதம்

நூற்றிருபது பேரிடம் ஒருமுறை கேட்பதைவிட ஆறு குடும்பங்களிடம் ஒரு மாதம் முழுவதும் கேட்பது மேல். அமாவாசை, பௌர்ணமி நீரோட்டத்தைப் பொறுத்து ஏரித் தொழில் ஏறி இறங்குகிறது. ஒரே ஒரு நாளின் பதில் எந்த நீரில் கேட்டது என்பதைப் பொறுத்து மாறிவிடும். வடகிழக்குப் பருவமழையில் முகத்துவாரம் திறந்திருக்கும் காலமும் கோடையும் வெவ்வேறு ஆண்டுகள் போல இருக்கும். ஆய்வேட்டுக்கான மாதங்கள் பெரும்பாலும் டிசம்பர் முதல் மார்ச் வரை விழுவதால், எந்தப் பருவத்தின் கணக்கு இது என்று தலைப்பிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

இப்படித் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு முன்மாதிரி உண்டு. டேரில் காலின்ஸ், ஜொனாதன் மோர்டக், ஸ்டூவர்ட் ரதர்ஃபோர்ட், ஓர்லாண்டா ரத்வென் நால்வரும் எழுதி 2009இல் வந்த ‘போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் தி புவர்’ என்ற நூல், வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா நாடுகளில் 250க்கும் மேற்பட்ட குடும்பங்களை ஓராண்டுக் காலம் திரும்பத் திரும்பச் சந்தித்து எழுதிய பண நாட்குறிப்புகளின் மேல் நிற்கிறது. மாணவர் அதைச் சிறிய அளவில் செய்யலாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வரவு, செலவு, கொடுத்த கடன், வாங்கிய கடன், பொருளாக வந்தது என்று ஒரு நோட்டு. இரட்டைப் பதிவு முறை இங்கே தேர்வுக்கான பாடமாக இல்லாமல் சரிபார்க்கும் கருவியாக வேலை செய்கிறது: கையிருப்பு வரவு செலவோடு ஒத்துவராத நாளில் ஏதோ ஒன்று சொல்லப்படவில்லை என்று பொருள். பெரும்பாலும் அது தண்டல் கடனாக இருக்கும், அல்லது வீட்டுப் பெண் மீன் விற்றுத் தனியே வைத்த காசாக இருக்கும். அந்தக் காசை ஆண்களின் முன்னால் கேட்டு எழுதக் கூடாது. பெண்ணின் நோட்டு தனி நோட்டாக இருக்க வேண்டும். அதைக் கணவருக்குக் காட்டுவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

உள்ளூர்ப் பிள்ளைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வெளியாளிடம் சொல்வதை ஊர்க்காரரிடம் சொல்லத் தயங்குவார்கள். சித்தப்பாவின் கடனைச் சித்தப்பா மகனிடம் யார் சொல்வார்கள்? அடுத்த ஊர்க் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, சொந்த ஊரறிவைக் கேள்வி அமைப்பதற்கு மட்டும் பயன்படுத்துவது நல்ல தீர்வு. வியாபாரியின் பெயர், படகின் எண், குடும்பத்தின் பெயர் மூன்றையும் ஆய்வேட்டில் மாற்றிவிட வேண்டும். நாற்பது வீடுள்ள குப்பத்தில் படகின் நிறம்கூட ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஊர்ப் பொதுக்கணக்கையும் விட்டுவிடக் கூடாது. தலைக்கட்டு வரி, திருவிழாச் செலவு, தண்டம் ஆகியவற்றின் வரவு செலவை ஊர்க்கூட்டத்தில் வாசிக்கும் வழக்கம் கரையோர ஊர்கள் பலவற்றில் உண்டு. கேட்பவர்கள் எல்லோரும் வரி கொடுத்தவர்கள். தவறு இருந்தால் அங்கேயே கேள்வி எழும். தணிக்கையின் பயன் பற்றிப் படிக்கும் மாணவர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து, எந்தச் செலவில் கேள்வி எழுந்தது, எதில் எழவில்லை, யார் பேசவில்லை என்று குறித்துக்கொண்டால் போதும். இன்னொரு அத்தியாயம் கிடைத்துவிடும்.

7. இந்தக் கணக்கு யாருக்குத் தேவை?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மாநில அரசு அறிவித்த நிவாரணத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மீனவர் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய் என்று தொகைகள் இருந்தன. அவசரத்தில் இப்படி ஒரே தொகையாக வகுப்பது புரிந்துகொள்ளக் கூடியது. ஆனால் ஒரு குடும்பம் அந்த மாதத்தில் உண்மையில் எவ்வளவு இழந்தது, எத்தனை நாள் வலை கெட்டுக் கிடந்தது, எவ்வளவு முன்பணம் ஏறியது என்று காட்ட ஓர் அடிப்படைக் கணக்கு இருந்திருந்தால் வாதம் வேறாக இருந்திருக்கும். எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் இடையே காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் பற்றிய விவாதம் நடந்துகொண்டிருக்கும்போது, ஏரிக்கரைக் குடும்பங்களின் சாதாரண மாத வருமானத்தைப் பதிந்த ஆய்வேடுகள் கல்லூரி நூலகத்தில் பத்து இருந்தாலும் அவற்றுக்கு வேலை இருக்கும்.

அப்படி எழுதப்படுபவற்றில் முதலில் வர வேண்டியவை, பாட்டிலும் படகிலும் பங்கில்லாதவர்களின் கணக்குகள் என்று நினைக்கிறேன். இடுப்பளவு நீரில் சேற்றைத் தடவிக் கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்களும் ஆண்களும் இதே ஏரியை நம்பி வாழ்கிறார்கள். தலைக்கட்டுப் பட்டியலில் அவர்கள் இல்லை. படகை அலகாக வைக்கும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவர்கள் தொழிலில் எரிபொருள் செலவு இல்லை, பிரிக்கப் பங்கும் இல்லை. ஒரு நீரோட்டத்தில் எத்தனை மணி நேரம் நீரில் நின்றார், எத்தனை கிலோ பிடித்தார், யாரிடம் என்ன விலைக்குப் போட்டார், அந்த விலையில் பழைய கடனுக்கு எவ்வளவு போனது என்ற நான்கு பத்திகளில் ஒரு மாதக் கணக்கு முடிந்துவிடும். ஒரு பருவத்துக்குள் ஒரு மாணவர் எழுதி முடிக்கக் கூடிய அளவு அது.